ஆணி அடிக்கலாமா, சார்?

தாம்பரத்தில் வாடகைக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்கு காப்பிரைட் சட்டம் ரொம்பச் சுலபமாகப் புரியும். மற்ற ஊர்க்காரர்கள்தான் பாவம், வக்கீலிடம் போக வேண்டும்.

கேம்ப் ரோடு பக்கம் ஒரு ஓனர், 'சுவத்துல ஆணி அடிக்கக் கூடாது' என்பார். ராஜகீழ்ப்பாக்கத்தில் இன்னொருவர், 'ஆணி அடிச்சுக்குங்க, ஆனா விருந்தாளி வந்தா ரெண்டு நாளைக்கு மேல தங்கக் கூடாது' என்பார். குரோம்பேட்டையில் ஒரு மாமி, 'எல்லாம் ஓ.கே., முட்டை மட்டும் கூடாது' என்பார். மூன்று பேரும் சொல்வதன் சாரம் ஒன்றுதான்: 'வாடகை குடுக்கறீங்க, சரி. அதுக்காக வீடு உங்களுதாயிடுமா?'

இதே வசனத்தைத்தான் உலகத்தின் பெரிய பெரிய வீடியோ கேம் கம்பெனிகள் பொடி எழுத்தில், பக்கம் பக்கமாக எழுதி, கடைசியில் 'சம்மதம்' என்று ஒரு பட்டன் வைத்திருக்கின்றன. நாமும் கல்யாணப் பத்திரிகையில் 'தங்கள் நல்வரவை விரும்பும்' பகுதியைத் தாண்டுகிற வேகத்தில் தாண்டி, பட்டனை அமுக்கிவிடுகிறோம்.

எனக்கு இந்த ஞானம் வந்ததற்குக் காரணம் என் மச்சினன்.

சேலையூரில் இருக்கிற என் மாமனார் ரயில்வேயில் ரிடையரானவர். ரிடையர்மென்ட் பணத்தில் முக்கால்வாசி அவர் பெண்ணின் கல்யாணத்தில் செலவாகிவிட்டது. (பலனடைந்தவர்: அடியேன்.) பையன் பி.சி.ஏ. கடைசி வருஷம். அவன் காலேஜ் ஃபீஸை மாமனார் கட்டவில்லை, நானும் கட்டவில்லை. அவனே கட்டிக்கொள்கிறான். எப்படி? ராத்திரி பத்து மணிக்கு மேல் கம்ப்யூட்டரில் வீடியோ கேம் ஆடி, 'டேய், பின்னால வர்றான்டா... செத்தோம்டா!' என்று தமிழில் அலறி, அதைப் படம் பிடித்து யூடியூபில் போட்டு! மாதம் பன்னிரண்டாயிரம், பதிமூணாயிரம் என்று வருகிறது.

மாமனாருக்கு இதைப் புரிய வைக்க எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாகச் செலவானது.

"விளையாடறதுக்கா காசு குடுக்கறான், மாப்பிள்ளே?"

"இல்ல மாமா, இவன் விளையாடறதை ஜனங்க பாக்கறதுக்கு."

"சேப்பாக்கத்துல டிக்கெட் வாங்கிப் பாக்கறோமே, அந்த மாதிரியா?"

"டிக்கெட் கிடையாது. நடுவுல சோப்பு விளம்பரம் வரும். அந்தக் காசுல இவனுக்கு நூத்துக்கு 55 ரூபா."

"ஓஹோ... தூர்தர்ஷன் வெள்ளிக்கிழமை ஒலியும் ஒளியும் மாதிரி!" என்றார். அத்தோடு அவருக்கு மரியாதை வந்துவிட்டது. ராத்திரி அலறலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொன்னபோது, 'பையன் டூட்டில இருக்கான்' என்று பதில் சொல்கிற அளவுக்கு மரியாதை!

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டி ஒரு நாள் நடு ராத்திரியில் தடம் புரண்டது. மெயில் வந்தது: 'உங்கள் வீடியோ நீக்கப்பட்டது. காப்பிரைட் ஸ்டிரைக் ஒன்று. தொண்ணூறு நாளுக்குள் மூன்று சேர்ந்தால் சேனலே காலி.' அனுப்ப வைத்தது ஒரு வெளிநாட்டு கேம் கம்பெனி. பேர் வேண்டாம். மூன்று வருஷ உழைப்பு, கடைசி செமஸ்டர் ஃபீஸ் இரண்டும் அந்த ஒரு மெயிலில் தொங்கின. பையன் சாப்பிடவில்லை. மாமனாருக்கோ வேறு பயம்.

"மாப்பிள்ளே, 2021-ல பப்ஜி வீடியோ போட்டவன் ஒருத்தனை தர்மபுரில வச்சுப் போலீஸ் பிடிச்சுதே... இவனையும் பிடிப்பாங்களா?"

"அது கேம் ஆடினதுக்கு இல்ல மாமா. ஆபாசமாப் பேசினான்னு வந்த புகார். இது வேற கேஸ்."

"கேஸ்னு சொல்றீங்களே!"

சொல்லியிருக்க வேண்டாம்தான். 'நீங்கதான் பி.காம். ஆச்சே, பாருங்க' என்று பொறுப்பு என் தலையில் விழுந்தது. பி.காமுக்கும் வீடியோ கேமுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறீர்களா? இருக்கிறது சார். வணிகச் சட்டம் என்று ஒரு பேப்பர் உண்டு. விற்பது வேறு, உபயோகிக்க அனுமதிப்பது வேறு என்பது அதில் முக்கியப் பாடம். ஒரு கேமை மூவாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கினேன் என்கிறோமே, உண்மையில் வாங்குவது கேமை அல்ல, ஆடுவதற்கான லைசென்ஸை. பத்திரம் ஓனர் பெயரில். நமக்கு வாடகை ஒப்பந்தம். அதில் குடியிருக்கலாம், ஜன்னலைத் திறந்து வைத்து, ஊர் ஜனங்களை உள்ளே பார்க்கவிட்டு, உண்டியல் வைக்கலாமா என்பதுதான் கேள்வி.

நம் நாட்டுச் சட்டம் என்ன சொல்கிறது? 1957-ம் வருஷத்துக் காப்பிரைட் சட்டத்தில் 1984-ல் ஒரு திருத்தம் வந்தது. அதன்படி கம்ப்யூட்டர் புரோகிராம் 'இலக்கியப் படைப்பு'! ஆக, தமிழ் நாவலும் துப்பாக்கிச் சண்டை கேமும் சட்டத்தின் கண்ணில் ஒரே அலமாரி. கேமில் வரும் படம், இசை, வசனம் எல்லாவற்றுக்கும் தனித்தனி உரிமை வேறு.

விதிவிலக்கு உண்டா? 52-வது பிரிவு இருக்கிறது. சொந்த உபயோகம், விமர்சனம், நடப்புச் செய்தி இவற்றுக்காக நியாயமான அளவு எடுத்தாளலாம். எது நியாயம்? 1996-ல் கேரள ஹைகோர்ட் ஒரு அழகான தீர்ப்புக் கொடுத்தது. தோப்பில் பாசியின் புகழ்பெற்ற மலையாள நாடகத்துக்கு எதிர்நாடகமாக சிவிக் சந்திரன் ஒன்று எழுத, தடை கேட்டுக் கோர்ட்டுக்குப் போனார்கள். எவ்வளவு எடுத்தான், எதற்காக எடுத்தான், அசலுக்குப் போட்டியாகுமா என்று மூன்று கேள்வி கேட்டுப் பார்த்த நீதிமன்றம், தடையை நீக்கி எதிர்நாடகத்தை அனுமதித்தது.

என் மச்சினன் இதைக் கேட்டுக் குதித்தான். "மாமா, நானும் விமர்சனம்தானே பண்றேன்!"

"பத்து மணி நேர கேமை முழுசா ஆடிக் காட்டிட்டு விமர்சனம்னு சொல்றது, ஃபுல் மீல்ஸை முடிச்சுட்டு 'ருசி பாத்தேன்'னு சொல்ற மாதிரிடா" என்றேன். உட்கார்ந்துவிட்டான்.

63-வது பிரிவைப் படித்துக் காட்டியபோது மாமனாரும் உட்கார்ந்துவிட்டார். தெரிந்தே உரிமையை மீறினால் ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். வியாபார லாபத்துக்காகச் செய்யவில்லை என்றால் கோர்ட் தண்டனையைக் குறைக்கலாம். அதாவது, சும்மா ஆடிக் காட்டினால் ஒரு பார்வை. உண்டியல் வைத்தால் வேறு பார்வை.

'ரசிகன் ஆசையாய் எடுத்துப் போடுகிறான், இதுக்குப் போய்...' என்று நினைக்கிறீர்களா? நம் ஊரில் இந்தச் சண்டை புதுசே இல்லை. மகாகவி பாரதியார் பாட்டுக்கே பட்டா இருந்தது. 1948-ல் வந்த 'பில்ஹணன்' படத்தில் பாரதி பாடலைச் சேர்த்ததற்காக, உரிமை வைத்திருந்த ஏவி.எம். வழக்குப் போட்டது. அப்புறம் ஊரே திரண்டு கேட்க, 1949-ல் சென்னை மாகாண அரசு உரிமைகளைப் பெற்றது; பின்னர் அவை பொதுவாயின. 2017-ல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி. பாலசுப்ரமணியத்துக்கே வக்கீல் நோட்டீஸ் போனது, அனுமதி இல்லாமல் என் பாடல்களை மேடையில் பாடக் கூடாது என்று! பாடிய வாய்க்கே அந்த கதி. 2024 நவம்பரில் 'நானும் ரவுடிதான்' படப்பிடிப்பில் எடுத்த மூன்று விநாடிக் காட்சிக்குப் பத்துக் கோடி கேட்டு நோட்டீஸ் வந்ததாக நயன்தாரா பகிரங்கக் கடிதம் எழுதினார். தனுஷின் கம்பெனி அந்த விவகாரத்தைச் சென்னை உயர்நீதிமன்றத்துக்கே கொண்டுபோனது. மூன்று விநாடி சார்! என் மச்சினன் போட்டது நாற்பது நிமிஷம்.

கேம் விஷயத்தில் ஜெயில் வரை போனது ஜப்பானில். ஒருவர் 'ஸ்டெயின்ஸ் கேட்' வரிசையைச் சேர்ந்த ஒரு கதை கேமை முடிவு உள்பட ஆடிக் காட்டி விளம்பரக் காசு பார்த்தார். இன்னும் சில அனிமேஷன் தொடர்களையும் சுருக்கிப் போட்டிருந்தார். 2023 செப்டம்பரில் செண்டாய் மாவட்டக் கோர்ட் இரண்டு வருஷ சிறைத் தண்டனை விதித்து, அதை ஐந்து வருஷத்துக்கு நிறுத்தி வைத்தது. அபராதம் பத்து லட்சம் யென்.

"ஆனா மாமா, நான் ஆடிக் காட்டினா அவங்க கேம்தானே விக்குது? ஃப்ரீ விளம்பரம்!" என்றான் பையன்.

அவன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. எந்தப் பாதி என்பதுதான் சூட்சுமம். சண்டை கேம், கார் ரேஸ், கால்பந்து இதெல்லாம் கிரிக்கெட் மாதிரி. ஒவ்வொரு ஆட்டமும் வேறு. பார்த்தால் நமக்கும் ஆட ஆசை வரும். கதை கேம் அப்படியல்ல. ராஜேஷ்குமார் நாவலின் கடைசிப் பக்கத்தைத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டில் மைக் வைத்துப் படித்துவிட்டு, 'நான் நாவலுக்கு விளம்பரம் செய்தேன்' என்றால் பதிப்பாளர் கும்பிடவா செய்வார்? இவன் மாட்டிக்கொண்ட வீடியோ எது தெரியுமா? ஒரு துப்பறியும் கேமின் கடைசி நாற்பது நிமிஷம். கொலையாளி யார் என்பதைத் தலைப்பிலேயே போட்டிருந்தான், பாவி!

ஓனர்களின் குணமும் காலத்துக்குக் காலம் மாறுகிறது. 'மாரியோ'வைப் பெற்ற நின்டெண்டோ 2013-ல், ரசிகர்கள் போட்ட வீடியோக்களின் விளம்பரக் காசைத் தானே எடுத்துக்கொள்ள ஆரம்பித்தது. 2015-ல், 'எங்களிடம் பதிவு செய்துகொள், வருமானத்தில் 60 முதல் 70 சதவிகிதம் தருகிறோம்' என்று பங்குத் திட்டம் போட்டது. 2018 கடைசியில் அதையும் மூடிவிட்டு, 'உன் சொந்தப் பேச்சும் கற்பனையும் இருந்தால் யூடியூபின் முறையான வழியில் சம்பாதித்துக்கொள்' என்று இறங்கி வந்தது. 'மைன்கிராஃப்ட்' கம்பெனி ஆரம்பத்திலிருந்தே தாராளம். 'வால்வ்' கம்பெனி, விளம்பரக் காசு வாங்கலாம், பார்ப்பவனிடம் டிக்கெட் வசூலிக்கக் கூடாது என்கிறது. 2017-ல் வந்த 'பெர்சோனா 5' என்ற கேமுக்கு அட்லஸ் கம்பெனி, கதையில் ஜூலை 7-ம் தேதி வரைதான் காட்டலாம் என்று கட்டளையிட்டது. ரசிகர்கள் கத்தியதில் நவம்பர் 19 வரை நீட்டித்தது. கேமுக்குள் வரும் தேதி சார்! ரிசர்வேஷன் சார்ட் மாதிரி.

அனுமதி கிடைத்தாலும் நிரந்தரமில்லை. அதே 2017-ல் யூடியூபின் முதல் நட்சத்திரமான பியூடிபை, ஒரு நேரடி ஒளிபரப்பில் நிறவெறிச் சொல் ஒன்றைச் சொல்லிவிட்டார். 'ஃபயர்வாட்ச்' கேமைச் செய்தவர்கள், 'எங்கள் கேமை நீ காட்ட வேண்டாம்' என்று அவருடைய பழைய வீடியோவையே காப்பிரைட் புகார் கொடுத்து எடுக்க வைத்தார்கள். மாடியில் சத்தம் போட்டதற்காக வீட்டைக் காலி பண்ணச் சொன்ன கதை.

ஓனரைச் சொல்லி என்ன, சில சமயம் கட்டடத்துக்கே சீல் விழும். 2020 செப்டம்பரில் பப்ஜிக்குத் தடை. 2022 பிப்ரவரியில் ஃப்ரீ ஃபயர். பப்ஜிக்குப் பதிலாக 2021-ல் வந்த பி.ஜி.எம்.ஐ. 2022 ஜூலையில் மறைந்து 2023 மே மாதம் திரும்பியது. அந்த ஒரே கேமை நம்பியிருந்த பையன்களுக்கு அந்தப் பத்து மாதமும் அமாவாசைதான். 2025 ஆகஸ்டில் காசு கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களையும் அவற்றின் விளம்பரத்தையும் பார்லிமென்ட் தடை செய்தது. ரம்மி ஸ்பான்சரை நம்பியிருந்தவர்களுக்கு அதுவும் போச்சு.

ஓனர்கள் எல்லாரும் தர்மப்பிரபுக்கள் என்றும் நான் சொல்லவில்லை. 2025 மே மாதம் ஒரு பிரபல இந்தி யூடியூபர், சில விநாடி செய்திக் காட்சிகளுக்காக ஏ.என்.ஐ. நிறுவனம் ஸ்டிரைக் கொடுத்துவிட்டு லட்சக்கணக்கில் கேட்டது என்று பகிரங்கமாகக் குற்றம் சாட்டினார். எங்கள் உரிமையைத்தான் காத்துக்கொண்டோம் என்றது நிறுவனம். யார் பக்கம் நியாயமோ, ஒன்று நிச்சயம்: சேனலே போய்விடும் என்ற பயம் இருக்கிறவனிடம் பேரம் பேசுவது சுலபம். சாமான் செட்டோடு தெருவில் நிற்பவன் அட்வான்ஸ் பற்றி எப்படி வாதாடுவான்?

சரி, நம் கதைக்கு வருவோம். பையன் முதலில் செய்ய நினைத்தது அந்தப் பட்டியலில் மிச்சமிருந்த வீடியோக்களை அழிப்பது. அழித்தாலும் விழுந்த ஸ்டிரைக் போகாது. வழி மூன்றுதான். கம்பெனியிடம் கெஞ்சி வாபஸ் வாங்க வைப்பது; யூடியூபின் காப்பிரைட் பாடத்தைப் படித்துப் பாஸ் பண்ணித் தொண்ணூறு நாள் சமர்த்தாக இருப்பது; அல்லது, 'நீ சொல்வது தப்பு' என்று எதிர் நோட்டீஸ் கொடுப்பது. எதிர் நோட்டீஸ் கொடுத்தால் அவர்களுக்குப் பத்து வேலை நாள் அவகாசம். அதற்குள் அவர்கள் சட்ட நடவடிக்கை எடுக்காவிட்டால் வீடியோ திரும்ப வரும். எடுத்தால் நாம் கோர்ட்டுக்குப் போக வேண்டும். நோட்டீஸில் நம் பெயர், விலாசம் எல்லாம் கொடுக்க வேண்டும்.

"விலாசமா? சேலையூர் விலாசமா? வேண்டவே வேண்டாம்!" என்றார் மாமனார். ஆக, தொண்ணூறு நாள் விரதம்.

விரதத்தின் அறுபதாவது நாள் பையன் மூச்சிரைக்க என் வீட்டுக்கு ஓடி வந்தான்.

"மாமா, திருடிட்டான்! மதுரைப் பக்கம் ஒருத்தன் என் வீடியோவை அப்படியே எடுத்து அவன் சேனல்ல போட்டுக் காசு பாக்கறான்!"

"அது உன் கேமா?"

"கேம் என்னுது இல்ல. ஆனா பேச்சு என்னுது. குரல் என்னுது. ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் தொண்டை கிழியக் கத்தினது நான்!"

சட்டப்படி அவன் சொல்வது சரி. கேம் கம்பெனியுடையது, அதன் மேல் இவன் கட்டிய வர்ணனை இவனுடையது. வாடகை வீட்டில் வைத்த ஃப்ரிட்ஜ் நம்முடையதுதானே. ஸ்டிரைக் பட்டனில் விரலை வைத்துக்கொண்டே நின்றான். கண்ணில் அசல் தாம்பரத்து ஹவுஸ் ஓனர் தெரிந்தார்.

"அமுக்கறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை அவன்கிட்ட பேசிடு" என்றேன்.

பேசினான். ஸ்பீக்கர் போனில் எதிர்முனைக் குரல் நடுங்கியது. அவனும் காலேஜ் பையன். "அண்ணா, ஏற்கெனவே ரெண்டு ஸ்டிரைக் இருக்கு. நீங்களும் குடுத்தா போயிடும்ணா. உடனே எடுத்துடறேன்."

பத்து நிமிஷத்தில் எடுத்துவிட்டான். என் மச்சினன் பட்டனை அமுக்கவில்லை. போனை வைத்துவிட்டு வெகு நேரம் சும்மா உட்கார்ந்திருந்தான். அப்புறம், "மாமா, அந்தக் கம்பெனில எனக்கு ஒரு மெயில் அனுப்பிச் சொல்லியிருந்தா நானும் எடுத்திருப்பேனே" என்றான். எடுத்திருப்பான்தான். லட்சம் வீடியோவுக்கு லட்சம் மெயில் எந்தக் கம்பெனி எழுதும் என்று நான் கேட்கவில்லை.

உங்கள் வீட்டிலும் ராத்திரி பத்து மணிக்கு மேல் அலறுகிற பிள்ளை இருக்கலாம். அதனால் நாலு விஷயம் சொல்லி வைக்கிறேன். கேம் வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் வீடியோ விதிகளைப் படிக்கச் சொல்லுங்கள். பல கம்பெனிகள் வெளிப்படையாகவே போட்டிருக்கின்றன. வெறும் ஆட்டத்தை ஓடவிடாமல் பேசச் சொல்லுங்கள். பேச்சுதான் அவன் சொத்து. கதை கேமின் முடிவைத் தொட வேண்டாம். கேமுக்குள் கார் ரேடியோவில் ஓடும் பாட்டை அணைத்துவிட வேண்டும். அந்தப் பாட்டுக்கு ஓனர் வேறு. ஸ்டிரைக் வராவிட்டாலும் விளம்பரக் காசு அங்கே போய்விடும். பல கேம்களில் இதற்கென்றே தனி ஸ்விட்ச் இருக்கிறது.

பி.காம். என்கிற முறையில் ஐந்தாவதாக ஒன்று. வருகிற காசுக்கு வருமான வரிக் கணக்கு உண்டு. அமெரிக்காவில் பார்ப்பவர்களால் வரும் பங்கில் அங்கேயே 15 சதவிகிதம் பிடித்துக்கொள்வார்கள், அதற்கான படிவத்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால். இன்னொருவர் அனுமதியில் ஓடும் வருமானத்தைச் சம்பளம் என்ற பத்தியில் எழுதக் கூடாது. காலேஜுக்கு வந்த கம்பெனியில் கிடைத்த வேலையை வேண்டாம் என்று சொல்லவிருந்த என் மச்சினன், இதைக் கேட்டபின் ஆர்டரை வாங்கி வைத்துக்கொண்டான். சேனலும் நடக்கிறது. தொண்ணூறு நாள் முடிந்து ஸ்டிரைக்கும் போய்விட்டது.

இப்போதெல்லாம் சேனலின் சட்ட இலாகா என் மாமனார் கையில். முப்பத்தைந்து வருஷம் ரயில்வே ரூல் புக்கோடு குடித்தனம் நடத்தியவர் அல்லவா! ஒவ்வொரு கேமின் விதிகளையும் பிரிண்ட் எடுத்து, டிக்ஷனரி பக்கத்தில் வைத்து, சிவப்பு மையில் அடிக்கோடு போடுகிறார். போன வாரம் மூன்று கேம்களை ரிஜெக்ட் செய்தார். நான்காவதற்கு 'அனுமதிக்கப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட்டார்.

அன்று சாயங்காலம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மாப்பிள்ளே, இருபத்தெட்டுப் பக்கமும் படிச்சுட்டேன். எல்லாம் புரிஞ்சுது. ஒரே ஒரு சந்தேகம்."

"கேளுங்க மாமா."

"இந்த கேமை எப்படி ஆடறது?"